வேலையை விட்டுப் படிப்பதா, வேலையோடு படிப்பதா? துறை மாற எம்பிஏ தேடுகிறவர்களுக்கு

நான் சோழிங்கநல்லூரில் மென்பொருள் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு வருடம் வார இறுதி எம்பிஏ படித்தவன். மார்க்கெட்டிங் பக்கம் போய்விட வேண்டும் என்பதுதான் சேரும்போது இருந்த ஒரே எண்ணம். பட்டம் கைக்கு வந்த பிறகும் ஒன்றரை வருடம் அதே டெஸ்டிங் இருக்கையில்தான் இருந்தேன். என் சித்தி மகனும் ஐடி ஆள்தான். கிட்டத்தட்ட அதே சமயத்தில் வேலையை ராஜினாமா செய்துவிட்டு இரண்டு வருட முழுநேரப் படிப்பில் சேர்ந்தான். படிப்பு முடிந்த கையோடு ஒரு நுகர்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்குப் போய்விட்டான்.

இருவரும் படித்த பாடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அக்கவுன்டிங், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் எல்லாம் அவனுக்கும் இருந்தன, எனக்கும் இருந்தன. வித்தியாசம் பாடத்துக்கு வெளியே இருந்தது. முழுநேரப் படிப்பு, உங்களைப் புது வேலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்துத் தருகிறது. பகுதிநேரப் படிப்பில் அந்த ஏற்பாட்டை நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும். சேரும் முன் இதை யாரும் எனக்கு விளக்கவில்லை. அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: என்ன மாறப்போகிறது என்று எழுதுங்கள்

"துறை மாறணும்" என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று மாற்றங்கள் கலந்திருக்கும். செய்யும் வேலை மாறலாம், தொழில்துறை மாறலாம், ஊர் மாறலாம். ஒரு தாளில் இன்றைய நிலையை இடது பக்கமும் போக நினைக்கும் நிலையை வலது பக்கமும் எழுதுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் புரொடக்ஷன் இன்ஜினியராக இருப்பவர், அதே ஆட்டோமொபைல் துறையில் சப்ளை செயின் வேலைக்குப் போக நினைக்கிறார் என்று வையுங்கள். மாறுவது வேலை மட்டும்தான். தொழிற்சாலை அவருக்குப் பழகிய இடம், அங்கே இருப்பவர்களுக்கும் அவரைத் தெரியும். அவருக்குப் பகுதிநேரமே போதும். வேலையை விடுவது வீண் செலவு என்றுகூடச் சொல்வேன். அதே ஆள் மும்பையில் ஒரு முதலீட்டு வங்கிக்குப் போக ஆசைப்பட்டால் மூன்றுமே மாறுகின்றன. அந்த வங்கியில் அவர் பயோடேட்டாவைப் புரட்டிப் பார்க்கவே ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை முழுநேரப் படிப்பின் வளாகத் தேர்வுதான், அதாவது நிறுவனங்கள் கல்லூரிக்கே வந்து ஆள் எடுப்பதுதான், பெரும்பாலும் தரும்.

என் கணக்கு இதுதான்: ஒன்று மட்டும் மாறினால் பகுதிநேரம், இரண்டோ மூன்றோ மாறினால் முழுநேரம். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முடிவை இங்கே தொடங்குங்கள்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். நீங்கள் விரும்பும் வேலைக்கு நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் வந்திருக்கும் பத்து விளம்பரங்களை எடுத்து, தகுதி என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்தில் இரண்டில்தான் எம்பிஏ கேட்கிறார்கள் என்றால், உங்களுக்கு வேறு படிப்போ, எந்தப் படிப்பும் இல்லாத நேரடி முயற்சியோ போதுமாக இருக்கலாம். டேட்டா அனாலிட்டிக்ஸ் போக நினைத்த நண்பர் ஒருவர் இப்படிப் பார்த்த பிறகு எம்பிஏ யோசனையையே கைவிட்டார். நல்ல முடிவு.

படி 2: ஒவ்வொரு படிப்பும் எப்படி வேலை மாற்றித் தருகிறது என்று பாருங்கள்

இந்தியாவில் முக்கியமாக மூன்று வடிவங்கள் இருக்கின்றன. துறை மாறுபவருக்கு இந்த மூன்றும் தரும் பலன் வேறு வேறு.

முதலாவது இரண்டு வருட முழுநேரம். ஐஐஎம் எனப்படும் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளின் பிஜிபி இந்த வகை. கேட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதிச் சேர வேண்டும். துறை மாறுபவருக்கு இதில் பொன்னான பகுதி, முதல் வருடத்துக்கும் இரண்டாம் வருடத்துக்கும் நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் வரும் சுமார் எட்டு வார சம்மர் இன்டர்ன்ஷிப். என் சித்தி மகன் அந்த எட்டு வாரம் மதுரையில் ஒரு விநியோகஸ்தரின் டெலிவரி வேனில் ஏறி, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பெட்டிக்கடை, மளிகைக்கடை ஏறி இறங்கினான். எந்தக் கடையில் ஷாம்பு சாஷே சரம் முன்னால் தொங்குகிறது, எங்கே பின்னால் ஒளிந்திருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதினான். ஏன் பின்னால் போட்டீர்கள் என்று கேட்டால் கடைக்காரர்கள் சொன்ன காரணங்களையும் எழுதினான். அந்த நோட்டுதான் அவனுடைய ரிப்போர்ட் ஆனது. அதுவரை அவன் பயோடேட்டாவில் ஜாவா என்றும் டேட்டாபேஸ் என்றும்தான் இருந்தது. அந்தக் கோடைக்குப் பிறகு முதல் வரியில் விற்பனை வந்துவிட்டது. இறுதி வேலைத் தேர்வில் அவனிடம் ஐடி பற்றி ஒரு கேள்விகூட வரவில்லையாம், கடைகளைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

இரண்டாவது ஒரு வருட முழுநேரம். ஹைதராபாத்திலும் மொஹாலியிலும் நடக்கும் ஐஎஸ்பியின் பிஜிபி, ஐஐஎம் அகமதாபாத்தின் பிஜிபிஎக்ஸ், ஐஐஎம் கல்கத்தாவின் எம்பிஏஇஎக்ஸ் (முன்பு பிஜிபிஇஎக்ஸ்), மாமல்லபுரம் அருகே மணமையில் இருக்கும் கிரேட் லேக்ஸின் பிஜிபிஎம் ஆகியவை இந்த வகை. வேலை அனுபவம் இருந்தால்தான் சேர முடியும். இங்கே பலர் கவனிக்காமல் விடும் விஷயம், ஒரு வருடத்துக்குள் முடிவதால் எட்டு வாரக் கோடைப் பயிற்சிக்கு இடமில்லை என்பது. வளாகத்துக்கு வரும் நிறுவனங்கள் பெரும்பாலும் உங்கள் பழைய அனுபவத்துக்குத்தான் விலை போடும். ஐடியிலிருந்து ஐடி கன்சல்டிங், பிராடக்ட் மேனேஜ்மென்ட் என்று பக்கத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இது அருமையான வழி. ஐடியிலிருந்து சோப்பு விற்கப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்.

மூன்றாவது வேலையோடு படிக்கும் பகுதிநேரம். ஐஐஎம் திருச்சிராப்பள்ளி தன் சென்னை வளாகத்தில் நடத்தும் பிஜிபிபிஎம், ஐஐஎம் பெங்களூரின் பிஜிபிஇஎம், சென்னை ஐஐடியின் எக்சிகியூட்டிவ் எம்பிஏ எல்லாம் வேலை பார்ப்பவர்களுக்கான வார இறுதிப் படிப்புகள். ஆசிரியர்கள் நல்லவர்கள், வகுப்பில் உடன் படிப்பவர்கள் இன்னும் நல்லவர்கள். பக்கத்து நாற்காலியில் பத்து வருடம் வங்கியில் இருந்தவர் உட்கார்ந்திருப்பார், அவரோடு சாப்பிடும் மதிய உணவே ஒரு பாடம். ஆனால் வளாகத் தேர்வு என்று ஒன்று பொதுவாக இருக்காது. மாணவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள், சிலருக்கு அந்த நிறுவனமே கட்டணம் கட்டுகிறது. அவர்களை இன்னொரு நிறுவனத்துக்கு அனுப்பிவைக்கும் வேலையைக் கல்லூரி ஏன் செய்யும்?

நான் சேர்ந்த இடத்தில் போனில் பேசியவர் "பிளேஸ்மென்ட் உதவி உண்டு சார்" என்றார். சேர்ந்த பிறகு விசாரித்தால், அந்த உதவி என்பது மாதம் ஒருமுறை வேலை விளம்பரங்களைத் தொகுத்து அனுப்பும் ஒரு மின்னஞ்சல். "உதவி" என்ற சொல்லை நம்பாதீர்கள். "பகுதிநேர மாணவர்கள் வளாக நேர்காணலில் உட்காரலாமா, ஆம் அல்லது இல்லை" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வையுங்கள்.

படி 3: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"எக்சிகியூட்டிவ்" என்ற சொல் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு பொருளில் வருகிறது. ஐஐஎம் பெங்களூரில் இபிஜிபி என்றால் வளாகத்தில் தங்கிப் படிக்கும் ஒரு வருட முழுநேரப் படிப்பு. ஐஐஎம் கோழிக்கோட்டில் அதே இபிஜிபி, வேலையை விடாமல் படிக்கும் இரண்டு வருடப் படிப்பு. பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். வேலையை விட வேண்டுமா? முடிவில் கிடைப்பது பட்டமா, டிப்ளமாவா, வெறும் சான்றிதழா? எத்தனை நாள் நேரில் போக வேண்டும்?

ஆறு மாதம், எட்டு மாதம் என்று விளம்பரம் வரும் பெரிய கல்லூரிகளின் ஆன்லைன் படிப்புகள் பல, சான்றிதழ் மட்டுமே தருபவை. கற்றுக்கொள்ள நல்லவை, ஆனால் எம்பிஏ அல்ல. தனித்து இயங்கும் மேலாண்மைக் கல்லூரிகள் பிஜிடிஎம் என்ற டிப்ளமா தரும். அதற்குத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇயின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஐஎம்களே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு டிப்ளமாதான் தந்துகொண்டிருந்தன, ஆகவே டிப்ளமா என்பதால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். தொலைநிலை, ஆன்லைன் எம்பிஏ என்றால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்க வேண்டும். அப்படி அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் பட்டம் நேரடிப் பட்டத்துக்கு இணையானது என்று யுஜிசி 2022-இல் அறிவித்திருக்கிறது. இருக்கும் நிறுவனத்துக்குள்ளேயே பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் தேவைப்படுபவருக்கு இது பயன்படும். துறை தாண்டிக் குதிக்க நினைப்பவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 4: பணத்தைத் தாளில் போடுங்கள்

கையில் மாதம் 70,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழுநேரப் படிப்புக்குக் கட்டணமும் விடுதியும் சேர்த்து 20 லட்சம் என்று வைப்போம். பெரிய ஐஐஎம்களில் இதைத் தாண்டும். இரண்டு வருடம் வராமல் போகும் சம்பளம் 16,80,000. ஆக உண்மையான செலவு 37 லட்சத்தைத் தொடுகிறது. பலர் 20 லட்சத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள்.

அடுத்தது கடன். 20 லட்சம், 10 சதவீத வட்டி, பத்து வருடம் என்று போட்டால் மாதத் தவணை சுமார் 26,400 வரும். ஆனால் கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதன்பின் பொதுவாக ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு 10 லட்சமாக இரண்டு முறை வாங்கினால், மூன்று வருட முடிவில் தனி வட்டியே 5 லட்சம் ஆகிவிடும். அதையும் சேர்த்து 25 லட்சத்துக்குத் தவணை போட்டால் மாதம் 33,000. முடிந்தால் படிக்கும்போதே அந்த வட்டியைக் கட்டிவிடுங்கள். அப்பா அம்மாவிடம் உதவி கேட்பதென்றால் கட்டணத்துக்குக் கேட்காமல் இந்த வட்டிக்குக் கேளுங்கள், அவர்களுக்கும் தாங்கும். கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை வருமான வரிக் கழிவு உண்டு. பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும், அசலுக்குக் கிடையாது.

இன்னும் ஒரு வரி மிச்சம். வேலையில் இருந்திருந்தால் வருடம் 8 சதவீத உயர்வில் இரண்டு வருடத்தில் உங்கள் 70,000 ஏறக்குறைய 81,600 ஆகியிருக்கும். அதோடு 33,000 தவணையைக் கூட்டுங்கள். படிப்பு முடித்து மாதம் 1,15,000 கைக்கு வந்தால்தான், படிக்காமலே இருந்திருந்தால் இருக்கக்கூடிய அதே நிலைக்கு வருகிறீர்கள். கல்லூரி சொல்லும் சம்பளம் வருட சிடிசி, அதாவது நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் போனஸ், பிஎஃப், ஒருமுறை மட்டும் தரும் தொகை எல்லாம் கலந்திருக்கும். கைக்கு வருவது என்ன என்று பிரித்துப் பாருங்கள்.

பகுதிநேரத்துக்கு 8 லட்சம் கட்டணம் என்றால் 24 மாதத்துக்கு மாதம் 33,000 சம்பளத்திலிருந்து போகும். வீட்டு வாடகையும் கட்டி இதையும் கட்டுவது கடினம்தான். ஆனால் முடிக்கும்போது கடன் இருக்காது, சர்வீசும் அறுபடாது.

நிறுவனமே கட்டணம் கட்டுவதாகச் சொன்னால் பாண்ட் தாளை வரிக்கு வரி படியுங்கள். படிப்பு முடித்து இத்தனை வருடம் இருக்க வேண்டும், நடுவில் போனால் முழுத் தொகையையும் திருப்ப வேண்டும் என்று இருக்கும். துறை மாறத்தான் படிக்கிறீர்கள் என்றால் அந்தப் பணம் உங்களைப் பழைய நாற்காலியிலேயே கட்டிப்போட்டுவிடும்.

படி 5: வீட்டையும் உடம்பையும் கணக்கில் எடுங்கள்

என் இரண்டாவது செமஸ்டரில் வெள்ளிக்கிழமை இரவுதோறும் எங்கள் டீமில் ரிலீஸ் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு ஃபைனான்ஸ் வகுப்பு. ஒருநாள் வகுப்பின் நடுவில் புரொடக்ஷனில் பிரச்சினை என்று அழைப்பு வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து ஒன்றரை மணி நேரம் வேலை செய்தேன். உள்ளே திரும்பிப் போனபோது பேராசிரியர் பேலன்ஸ் ஷீட்டை முடித்துக் கேஷ் ஃப்ளோவுக்குப் போயிருந்தார். அந்தப் பாடம் எனக்குக் கடைசிவரை நொண்டியது.

ஷிஃப்ட் வேலை, சனிக்கிழமை வேலை, ஆன்சைட் போகும் வாய்ப்பு, இவற்றில் எது இருந்தாலும் சேரும் முன் மேனேஜரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். குழந்தை இருக்கும் வீட்டில், இரண்டு வருட சனி ஞாயிறுகளை யார் பார்த்துக்கொள்வது என்பதைக் கணவன் மனைவி உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். இதைப் பேசாமல் சேர்ந்தவர்கள் முதல் வருடத்திலேயே நின்றுபோனதை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். அவர்கள் படிப்பில் சோடை போனவர்கள் இல்லை.

படி 6: முன்னாள் மாணவர்களிடம் பேசுங்கள்

பிளேஸ்மென்ட் அறிக்கையில் அதிகபட்ச சம்பளத்தைப் பார்க்காதீர்கள், சராசரியையும் முழுதாக நம்பாதீர்கள். மீடியன் எவ்வளவு என்று பாருங்கள், அதாவது எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்குக் கல்லூரிகள் தரும் தகவலில் மீடியன் சம்பளமும், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதும் இருக்கும். விளம்பரத் தாளையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அதைவிட முக்கியமானது, உங்களைப் போன்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது. லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரைப் போட்டு, அதற்கு முன் உங்கள் வேலையையே பார்த்த ஐந்து பேரைக் கண்டுபிடியுங்கள். அவர்களுக்கு எழுதுங்கள். இருவராவது பதில் தருவார்கள். "எப்படி இருந்தது" என்று கேட்டால் "நல்லா இருந்தது" என்றுதான் வரும். "நீங்கள் கேட்ட துறை கிடைத்ததா? உங்களோடு ஐடியிலிருந்து வந்தவர்களில் எத்தனை பேர் திரும்ப ஐடிக்கே போனார்கள்?" என்று கேளுங்கள்.

அனுபவ வருடமும் இங்கே வருகிறது. இரண்டு வருடப் படிப்பில் கல்லூரி முடித்து நேராக வந்தவர்களும் ஓரிரு வருட அனுபவக்காரர்களும் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குத் தரும் வேலைதான் உங்களுக்கும். எட்டு வருட அனுபவத்தோடு போனால் இருபத்து மூன்று வயதுக்காரரோடு ஒரே படியில் தொடங்க வேண்டிவரும். அதற்கு மனம் ஒப்புகிறதா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பினால் தாராளமாகப் போங்கள்.

படி 7: பகுதிநேரம் என்று முடிவானால், முதல் செமஸ்டரிலேயே நகரத் தொடங்குங்கள்

நான் செய்த தவறு இது. பட்டம் வந்த பிறகு வேலை தேடலாம் என்று இருந்தேன். நீங்கள் சேர்ந்த வாரமே உங்கள் நிறுவனத்தின் உள் வேலை அறிவிப்புகளைப் பார்க்க ஆரம்பியுங்கள். கல்லூரி புராஜெக்டை எங்கிருந்தோ எடுக்காமல், நீங்கள் போக விரும்பும் பிரிவின் பிரச்சினையையே தலைப்பாக எடுங்கள். பட்டம் வாங்கி எட்டு மாதம் கழித்துத்தான் எங்கள் ப்ரீசேல்ஸ் குழுவின், அதாவது விற்பனைக்கு முன் வாடிக்கையாளருக்கான திட்டத்தைத் தயாரிக்கும் குழுவின், மேலாளரைப் போய்ப் பார்த்தேன். இரண்டு டெண்டர்களுக்கு என் வேலை நேரத்துக்கு வெளியே உதவினேன். அதன் பிறகுதான் அந்தக் குழுவுக்கு மாற்றம் கிடைத்தது, அங்கிருந்து பிராடக்ட் மார்க்கெட்டிங். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டார், "ரெண்டு வருஷமா மேல் மாடியிலதானே இருந்தீங்க, ஏன் வரல?"

படி 8: நாட்காட்டியைப் பின்னிருந்து போடுங்கள்

கேட் விண்ணப்பம் ஆகஸ்ட் தொடங்கி செப்டம்பர் வரை. தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி. நேர்காணல்கள் ஜனவரிக்குப் பிறகு, சேர்க்கை ஜூன் வாக்கில். கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்கு மட்டும்தான். ஒரு வருடப் படிப்புகள் பலவற்றுக்கு ஏற்கப்படும் ஜிமேட் என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், அதனால் வேலைப் பளு குறைந்த காலத்தில் அதை எழுதி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வும் இருக்கிறது. கட்டணம் குறைவான அரசுக் கல்லூரி இடங்களுக்கு அது நல்ல வழி.

நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்றால், ஜூனில் சேர மார்ச் தொடக்கத்திலேயே ராஜினாமா கொடுக்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் நான்கரை வருடம் ஆகியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஐந்து வருடம் முடித்தால் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு, வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில். வேலையை விட்ட அன்றே கம்பெனி மருத்துவக் காப்பீடும் நின்றுவிடும். அதில் அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தால் முன்கூட்டியே தனி பாலிசி எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

மேனேஜரிடம் எப்போது சொல்வது என்பது இரண்டு வழிக்கும் வேறு. பகுதிநேரம் என்றால் விண்ணப்பிக்கும் முன்பே சொல்லுங்கள், சனிக்கிழமைகளுக்கு அவர் தயவு வேண்டும். முழுநேரம் என்றால் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்து, கடனுக்கு வங்கி ஒப்புதல் தந்து, முதல் தவணைக் கட்டணம் கட்டிய ரசீதும் வந்த பிறகு சொல்லுங்கள். அப்ரைசல் முடியும் வரை காத்திருக்க முடிந்தால் அதையும் செய்யுங்கள். கடைசி நாளில் ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு மூன்றையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். இரண்டு வருடம் கழித்துப் புது வேலையில் சேரும்போது பின்புலச் சரிபார்ப்பில் இவற்றைத்தான் கேட்பார்கள்.